நீல பெயிண்ட்டுக்கு அடியில் இருந்த பெயர்

ஜெரி,

இதைப் போனில் சொல்லிப் பார்த்தேன். மூன்று முறை வாய்ஸ் மெசேஜ் பேசி, மூன்றையும் அனுப்பாமல் அழித்துவிட்டேன். என் குரலை நானே கேட்கச் சகிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீ அந்தப் படத்தை அனுப்பி இன்றோடு நான்கு நாள் ஆகிறது. கீழே "அப்பா, இது யாரு?" என்று மட்டும் கேட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை, நீயும் திரும்பக் கேட்கவில்லை. உன் கல்யாணத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. காலையில் நம் காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்த உன் மரியா அத்தை, வந்ததும் வராததுமாக என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாண்ணே, அப்பனும் புள்ளையும் மூஞ்ச தூக்கி வெச்சினு கீறீங்க? பிரியாணிக்கு ஆள் சொல்லணுமா வேணாவா?" என்றாள். பிரியாணியைப் பற்றி மட்டும் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். இந்தக் கவரை ஒட்டாமல்தான், நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிற நான்சியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவள் முதலில் படித்தாலும் சரி. அத்தை படித்தாலும் சரி. இனிமேல் நம் வீட்டில் இதை மூடி வைப்பதாக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் நான்சியும் நானும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். முதல் பத்திரிகையை இறந்துபோனவர்களுக்கு வைத்துவிட்டுத்தான் இருப்பவர்களுக்குக் கொடுப்பது நம் வழக்கம். அதற்காகத்தான் போனோம் என்று நான் நினைத்தேன். நீ கேமரா பையையும் தூக்கிக்கொண்டு வந்தாய். கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற போட்டோவுக்கு ஊரில் எல்லாரும் மகாபலிபுரம் போகிறார்கள், என் மகன் கல்லறைக்குப் போகிறான். நான்சியின் அம்மா கேள்விப்பட்டு மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டார்களாம். உன் அத்தை இன்னும் ஒரு படி மேலே போய், அது பேய் தெரிகிற கேமரா என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நான்தான் உனக்காகப் பேசினேன். "பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல, இன்ஃப்ராரெட். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துல எடுக்கறது" என்று பெரிய விஞ்ஞானி மாதிரி விளக்கினேன். நீ சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

அங்கே வேப்ப மரத்தடியில் நின்று கேமராத் திரையைக் காட்டினாய். அத்தனை பச்சையும் வெள்ளையாகிப் போயிருந்தது. எருக்கஞ்செடி, கல்லறைகளை மூடிக் கிடக்கிற கொடி, புல், எல்லாம் வெள்ளை. வானம் மட்டும் கறுத்துக் கிடந்தது. ராயபுரத்தில் பனி பெய்தது என்று சொன்னால் நம்பிவிடலாம். துறைமுகத்துக் கரித்தூள் படிந்து, லாரிப் புகை படிந்து, நாம் கலீஜ் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிற இடமா இது என்று இருந்தது. நான்சி "எப்படிப்பா இது?" என்று என்னைக் கேட்டாள். உயிரோடு இருக்கிற இலை அந்த வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அதனால் வெள்ளையாகத் தெரியும் என்று நீ சொன்னாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சில பெயிண்ட் இதுக்குக் கண்ணாடி மாதிரிப்பா. அடியில இருக்கறது தெரியும். கரி கலந்த கறுப்பு மட்டும் அப்படியே நிக்கும்" என்றாய். பெயிண்டர் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் சொன்னாய். அதைக் கேட்டதும்தான் அம்மா கல்லறையை எடுக்காதே, வெயில் நேராக அடிக்கிறது, படம் கெட்டுவிடும் என்று சொன்னேன். பத்து வருடமாகக் கேமரா பிடிக்கிறவனுக்கு வெயிலைப் பற்றிப் பாடம் எடுத்தேன். நீ சிரித்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணுப்பா" என்று எடுத்துவிட்டாய்.

அந்தப் படத்தைப் போனில் பெரிதாக்கி, சின்னதாக்கி, எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியாது. சுற்றிலும் வெள்ளை இலை. நடுவில் ஒரு கை உடைந்த அந்தச் சிமெண்டுச் சிலுவை. அதன் கீழே இருக்கிற பலகையில் நான் அடித்த கருநீலம் இல்லை. நீலத்தின் மேல் சிவப்பில் நான் எழுதிய 'ஸ்டெல்லா' இல்லை. வெளுத்துப் போன பலகையில், நேற்று எழுதியது போல, கறுப்பு எழுத்தில் 'அமலோற்பவம், வயது 7' என்று இருக்கிறது.

இது யார் என்று கேட்டாய். எனக்குத் தெரியாத பெயர் இல்லை அது. அதைத் தெரிந்துதான் மூடினேன். எதற்கு மூடினேன் என்று சொல்வதற்கு முன்னால், உன் அம்மா போன நாளைச் சொல்ல வேண்டும். அதையும் நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை.

உனக்கு அப்போது ஆறு வயது. ஸ்டெல்லாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில், "இன்னிக்கு ஒரு நாள் வேலைக்குப் போவாத, எனக்கு உடம்பு ஒரு மாதிரியா கீது" என்றாள். தொழிற்சாலையில் அன்று ஒரு பெரிய லாட் பெயிண்டிங் முடித்து அனுப்ப வேண்டிய நாள். "மாத்திரை போட்டுக்கினு படு, நான் சீக்கிரம் வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அவளோடு நான் கடைசியாகப் பேசியது அதுதான். மத்தியானம் மேஸ்திரி வந்து என்னைத் தேடியபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். டெங்கு என்றார்கள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் என்று ஒரு நர்ஸ் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாள். நான்சிக்குத் தலைவலி என்றால்கூட நீ ஒரு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேள், ஜெரி. டாக்டர் வேலை பார்க்க வேண்டாம். உட்கார்ந்து கேட்டால் போதும். உன் அம்மா அன்று என்னிடம் அதைத்தான் கேட்டாள்.

அடக்கம் செய்தபோது ஒரு மரச் சிலுவை நட்டார்கள். ஒரு வருடத்தில் சிமெண்டில் கட்டிவிட வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்தப் பக்கமே போகவில்லை. நினைவு நாளுக்குப் பூசை கொடுத்தேன், கோயிலோடு திரும்பிவிட்டேன். கல்மண்டபம் வழியாகப் பஸ் போகும்போதெல்லாம் கல்லறைத் தோட்டம் கண்ணில் படாமல் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். அந்த மண்ணுக்கு முன்னால் போய் நின்றால், சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றாயே என்று அவள் கேட்பாள் என்று எனக்குப் பயம். அப்படியே இரண்டு வருடம் ஓட்டினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நீ மூன்றாவது படிக்கும்போது, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கல்லறைத் திருநாளைப் பற்றிச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பையைப் போட்டதும், "எல்லாரும் அவங்கவங்க கல்லறைக்குப் போறாங்கப்பா. நம்மளுது எங்க கீது?" என்று கேட்டாய். நம்மளுது என்றாய். வீட்டைக் கேட்பது மாதிரிக் கேட்டாய். எனக்கு வேறு வழியில்லை. ஒரு பை நிறையச் சாமந்தியும் மெழுகுவர்த்திக் கட்டும் வாங்கிக்கொண்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். போனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. மழை பெய்து ஆள் உயரத்துக்குச் செடி. கதவோரத்தில் இருந்த நாலு வரிசையைச் சுத்தம் செய்திருந்தார்கள். உள்ளே போகப் போக, வரிசையும் இல்லை, பாதையும் இல்லை. மரச் சிலுவையைக் கரையான் தின்றிருக்கும், அல்லது யாராவது அடுப்புக்குப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள். சுவர்ப் பக்கம் என்று எனக்கு ஒரு ஞாபகம். ஆனால் எந்தச் சுவர்? அடக்கத்தன்று நான் எங்கே கண்ணைத் திறந்து பார்த்தேன்.

நீ ஒவ்வொரு கல்லறையாகப் போய் நின்று, "இதாப்பா? இதாப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே நானும் நடந்தேன். உன் அரைக்கால் சட்டைக்குக் கீழே காலெல்லாம் முள் கிழித்து ரத்தம். கடைசியில் நின்றுவிட்டாய். "அம்மா தொலைஞ்சு போய்ட்டாங்களா?" என்று கேட்டு ஏங்கி ஏங்கி அழ ஆரம்பித்தாய். அந்த நிமிடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தது ஒரு கை உடைந்த அந்தச் சிலுவை. ஆளில்லாத கல்லறை, பூ இல்லை, மெழுகு வடிந்த அடையாளமும் இல்லை. "அழாத, இதுதான்டா" என்று கையைக் காட்டிவிட்டேன். நீ உடனே அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாய். "ஏம்பா இவ்ளோ சின்னதா கீது?" என்றாய். "அம்மா குள்ளம்தானே" என்றேன்.

பலகையில் பாசி படிந்திருந்தது. நீ விரலால் தேய்த்துப் பெயரைத் தேட ஆரம்பித்தாய். 'அம' என்ற இரண்டு எழுத்து தெரிந்தது. அம்மா என்று எழுதியிருக்கிறது என்று நீயே முடிவு செய்துகொண்டாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் தனியாக வந்து நானே பாசியைத் துடைத்தேன். முழுப் பெயரும் வந்தது, வயதும் வந்தது. உன்னைவிட ஒரு வயது சின்னப் பெண். அப்போதாவது நான் எழுந்து வீட்டுக்கு வந்து உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளை, இரண்டு நாள் அழுதிருப்பாய், பிறகு நாம் இருவரும் சேர்ந்து தேடியிருப்போம். ஆனால் நான் வேலை செய்த இடத்தில் மிஷின்களுக்கு அடித்து மீந்த கருநீலத்தை ஒரு டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். அதை எடுத்துப் பலகை மேல் அடித்தேன். காய்ந்ததும் சிவப்பில் உன் அம்மாவின் பெயரை எழுதினேன். தெரியாது என்று சொல்லத் தெரியாதவன் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு நான்தான் சாட்சி. நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, உனக்குப் பதில் தெரியாத ஒன்றைக் கேட்டால், தெரியவில்லையடா கண்ணு என்று சொல்லிவிடு. அதனால் அப்பன் என்கிற மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

ஒரு விஷயம் சொல்கிறேன், இது பெயிண்டருக்குத்தான் புரியும். பழைய எழுத்தின் மேல் புது பெயிண்ட் அடிக்க வேண்டுமானால், முதலில் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்ட வேண்டும். பிறகு உப்புத்தாள், பிரைமர், அப்புறம்தான் பெயிண்ட். முப்பது வருடத்தில் ஒரு நாளும் நான் அதை மாற்றியதில்லை, எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் மாற்றினால் விடவும் மாட்டேன். அன்றைக்கும் கம்பி பிரஷ் கையில் இருந்தது. அந்தப் பெயரின் மேல் வைத்தேன். சுரண்ட முடியவில்லை. ஒரே ஒரு மெல்லிய கோட் அடித்துவிட்டு எழுந்துவிட்டேன். பிறகு வந்த வருடங்களிலும் சிவப்பைத்தான் புதுப்பித்தேனே தவிர, நீலத்தை ஒரு முறைகூடத் தடிமனாக அடிக்கவில்லை. என் வேலையிலேயே மோசமான வேலை அது. அதனால்தான் உன் கேமராவுக்கு அந்தப் பெண் கிடைத்தாள்.

இதோடு போயிருந்தாலும் நான் என்னை ஒருவாறு சமாதானம் செய்துகொண்டிருப்பேன். உனக்குச் சுவர் மாமாவை ஞாபகம் இருக்கிறதா? நிச்சயம் இருக்கும். அடுத்த வருடக் கல்லறைத் திருநாளன்று வந்தாரே, கட்டம் போட்ட லுங்கி, கையில் ஒரு முழம் மல்லிகைப்பூ. நாம் கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம். அவர் இரண்டு முறை நம்மைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நின்றார். "அண்ணே, இங்க ஒரு சின்ன கல்லற கீது. சிலுவ ஒரு கை ஒடஞ்சிருக்கும். எம் பொண்ணோடது. கொச்சி பக்கம் மீன்புடி போட்டுல தொழிலுக்குப் போய்ட்டேன், நாலு வருசமா வர முடியல" என்றார். நான் அந்தச் சிலுவைக்கு முன்னால் குந்தியிருந்தேன். உடைந்த கை என் தோளுக்குப் பின்னால் இருந்தது. "தெரியலபா. காடு மண்டிப் போச்சு, நிறைய இடிஞ்சிருச்சு. நானே எம் பொண்டாட்டிக்குத்தான் வந்துகிறேன்" என்றேன். அவர் பலகையைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். நீ "அம்மாவுக்கு" என்று சொல்லிக்கொண்டே சாமந்தியை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாய். அவர் மல்லிகையைக் கொண்டுபோய்ச் சுவரின் மேல் வைத்துவிட்டு நின்றார். அவரிடம் மெழுகுவர்த்தி இல்லை என்று பார்த்து நீதான் ஓடிப்போய் ஒன்றைக் கொடுத்தாய். அதற்குப் பிறகு வருடா வருடம் அவர் வந்தார். சுவரோரம் நின்று, நாம் முடிக்கும் வரைக்கும் பார்த்துவிட்டுப் போவார். நீ கல்லூரி முடிக்கிற வரைக்கும் அவருக்கு ஒரு மெழுகுவர்த்தி எடுத்து வைப்பாய். பிறகு அவர் வருவது நின்றுவிட்டது. "சுவர் மாமா ஏம்பா வரல?" என்று நீ கேட்டபோது, எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. நிம்மதியாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கோயில் அலுவலகத்துக்குப் போனேன். அடக்கப் பதிவேடு என்று ஒன்று அங்கே எப்போதும் இருக்கிறது. யார், எந்த வரிசை, எந்த இடம் என்று எல்லாம் அதில் எழுதுவார்கள். இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். போய்க் கேட்டால், ஏன் இத்தனை நாள் தெரியாமல் போயிற்று என்று கேட்பார்களே என்றுதான் போகவில்லை. கணக்குப்பிள்ளை அரை மணி நேரம் புரட்டி இரண்டு பெயரையும் எடுத்துக் கொடுத்தார். "இத்தினி வருசமா வந்து கேக்கவேயில்லையே சார்?" என்றார். நான் பயந்த கேள்வி அதுதான். இருபத்திமூன்று வருடம் பயந்தேன். கேட்டு முடித்ததும் அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அமலோற்பவத்தின் அப்பா பெயர் சூசை. விலாசம் கல்மண்டபத்தில் ஒரு சந்து. விசாரித்துக்கொண்டு போனேன். வீட்டில் அவருடைய மனைவி சவேரியம்மா மட்டும் இருந்தார்கள். சுவரில் சூசையின் படம், மாலையோடு. ஏழு வருடமாயிற்றாம். நான் யார் என்று சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"நீல பெயிண்ட் அட்ச்சவன் நீதானா?" என்றார்கள்.

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கிட்ட கல்லற இடிஞ்சு பூட்ச்சுன்னுதான் சொன்னாரு. நானும் நம்பினு இருந்தேன். படுக்கையில வுழுந்தப்புறம்தான் வாய தொறந்தாரு. நம்ம பொண்ணு மேல யாரோ அவன் பொண்டாட்டி பேர எழுதிக்கிறான், அவன் புள்ள அம்மான்னு பூ அடுக்கிச்சு, அந்தப் புள்ளைகிட்ட போயி இது உங்கம்மா இல்லடான்னு எப்டி சொல்றது சவேரின்னு கேட்டாரு. வருசா வருசம் நம்ம பொண்ணுக்கு யாரோ பூ வெக்கறாங்கல்ல, வுட்டுடுன்னாரு." அந்த அம்மாவின் குரல் அதுவரைக்கும் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு உடைந்தது. "அவருக்கு மனசு பெருசு. எனக்கு இல்ல. நான் பெத்தவ. ஏழு வயசுல மஞ்சக்காமாலைல வாரிக் குடுத்துட்டு, பேரயும் உன் பெயிண்ட்டுக்குக் குடுக்கணுமா? எடம் தெரிஞ்சப்புறம் போயிருக்கலாம், சண்ட போட்டிருக்கலாம். அவரு சத்தியம் வாங்கினாரு, போவாதன்னு."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். "அத்த வெச்சி நான் இன்னா பண்றது? மொதல்ல பேர எழுதிட்டு வா" என்றார்கள்.

எழுந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டு, ஒன்றை மறைக்க மனம் வராமல் திரும்பினேன். உன் கல்யாணப் பத்திரிகை அந்தக் கல்லறை மேல் ஒரு கல்லுக்கு அடியில் இருக்கிறது, போய் எடுத்துவிடுகிறேன் என்றேன். "அந்தப் பையனுக்கா கல்யாணம்? மெழுகுவத்தி குடுத்த பையனுக்கா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "எடுக்காத. எம் பொண்ணுக்கு வெச்சதா இருக்கட்டும். இருந்திருந்தா அவளுக்கும் பத்திரிக அட்ச்சிருப்போம்" என்றார்கள். பிறகு, "சனிக்கெழம காலைல நான் வர்றேன். அவனையும் இட்டுனு வா. பூ வெச்சது அவன்தான், நீ இல்ல" என்றார்கள்.

நேற்று காலையில் தின்னரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு போனேன். அழுத்தித் துடைத்தால் அடியில் இருக்கிற கறுப்பும் சேர்ந்து போய்விடும். அதனால் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நீலத்தை எடுத்தேன். முதலில் போனது உன் அம்மாவின் பெயர்தான். நானே எழுதியதை நானே அழிக்கும்போது அழுதுவிட்டேன், ஜெரி. மத்தியானத்துக்குள் அமலோற்பவம் முழுதாக வெளியே வந்துவிட்டாள். ஒரு எழுத்து மட்டும் கரைந்துவிட்டது. அதைக் கறுப்பில் திருத்தினேன்.

நீ கேட்கப் போவது எனக்குத் தெரியும். பத்தாவதில் மார்க் வாங்கியதை ஓடிப்போய்ச் சொன்னாயே, முதல் சம்பளத்தில் ஒரு புடவை வாங்கிக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு அதை யாருக்கோ தானமாகக் கொடுத்தாயே, போன ஞாயிறு நான்சியின் கையைப் பிடித்து "அம்மா, இவதான்" என்றாயே, அதெல்லாம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்பாய். எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே தெரியவில்லை என்றுதான் சொல்கிறேன். சூசை கேட்டுக்கொண்டிருந்தார் என்பது மட்டும் தெரியும்.

உன் அம்மா இருக்கிற இடம் பதினோராவது வரிசை, கிழக்குச் சுவரோரம். நேற்று சாயங்காலம் காவல்காரரோடு போய் அரிவாளால் வெட்டி வழி செய்தேன். மூன்று மண்மேடு இருக்கிறது. மூன்றில் எது என்று அவராலும் சொல்ல முடியவில்லை, பதிவேட்டிலும் இல்லை. அதனால் மூன்றையும் சுத்தம் செய்திருக்கிறேன். உன் படத்தை எடுத்துப் பார். இடது ஓரத்தில் ஒரு புதர், மற்ற எல்லாவற்றையும்விட வெள்ளையாக, கண் கூசுகிற மாதிரி நிற்கிறதே, அதுதான் இடம். நீ தெரியாமலே உன் அம்மாவையும் அந்தப் படத்தில் எடுத்திருக்கிறாய். அந்தப் புதரில் பாதியை விட்டு வைத்திருக்கிறேன். முழுதாக வெட்ட மனம் வரவில்லை.

தச்சரிடம் சொல்லி ஒரு தேக்குச் சிலுவை செய்திருக்கிறேன். மூன்று மேட்டுக்கும் நடுவில் நடலாம் என்று காவல்காரர் சொன்னார். அதன் மேல் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. அவள் பெயரைத் தப்பான இடத்தில் எழுதிய கை என் கை. நீ எழுது. பிரஷ்ஷும் ஒரு சின்ன டப்பா பெயிண்ட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். கறுப்புதான் வாங்கியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. என் மேல் கோபம் இருந்தால் கோபத்தோடு வா, என்னோடு பேச வேண்டாம். அந்த அம்மா உனக்காக வருகிறார்கள். நான்சியையும் கூட்டிக்கொண்டு வா, இன்னொரு பத்திரிகையும் எடுத்துக்கொண்டு வா. மெழுகுவர்த்தி நான் வாங்கிவிடுகிறேன். நீங்கள் மூன்று பேரும் அமலோற்பவத்திடம் போங்கள், பிறகு ஸ்டெல்லாவிடம் போங்கள். நான் சுவரோரம், சூசை நின்ற இடத்தில் நிற்கிறேன். நீ கூப்பிட்டால்தான் பக்கத்தில் வருவேன்.

அப்பா